மதத் தலைவர் மீது பாலியல் புகார் வந்தால்: சபை, ஜமாஅத், ஆசிரம நிர்வாகிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

போதகர் மீதோ, பங்குத்தந்தை மீதோ, சாமியார் மீதோ, மதரஸா உஸ்தாத் மீதோ ஒரு புகார் காதுக்கு வந்ததும் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடும். "இது உண்மையா, பொய்யா?" என்று அங்கே தொடங்கும் பேச்சு நள்ளிரவு வரை ஓடும். கலைந்து போகும்போது ஒன்று முடிவாகியிருக்கும்: அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். அந்த ஒரு முடிவிலேயே பாதி வழக்கு கெட்டுப்போகிறது. காலையில் அவருக்குத் தகவல் போகும், மாலைக்குள் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு நாலு பெரியவர்கள் போவார்கள், கைப்பேசியில் இருந்த செய்திகள் அழிந்திருக்கும்.

உண்மையைக் கண்டுபிடிக்கக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. குழுவின் வேலைகள் வேறு. புகார் சொன்னவரைப் பாதுகாக்க வேண்டும். சட்டம் சொல்லும் இடத்தில் தகவல் கொடுக்க வேண்டும். தலைவரின் கையிலிருக்கும் அதிகாரத்தைத் தற்காலிகமாக வாங்கி வைக்க வேண்டும். தடயம் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுச் சூழலையும் இந்தியச் சட்டத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எந்த மதமானாலும் படிகள் ஒன்றுதான்.

புகார் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது

எல்லாம் அமைதியாக இருக்கும்போதுதான் ஒரு பாதுகாப்புக் குழுவை அமைக்க முடியும். புகார் வந்த பிறகு அமைத்தால் ஒவ்வொரு பெயருக்கும் சண்டை வரும், கடைசியில் தலைவருக்கு வேண்டியவர்களே உட்காருவார்கள். ஐந்து பேர் போதும். அதில் மூவராவது பெண்களாக இருக்கட்டும். இருவர் வெளியாட்களாக, அதாவது உங்கள் சபையிலோ ஜமாஅத்திலோ உறுப்பினர் அல்லாத ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர் அல்லது சமூகப் பணியாளர் என இருக்கட்டும். தலைவரின் உறவினர், அவரிடம் சம்பளம் வாங்குபவர், அவரோடு நிலமோ பணமோ கொடுக்கல் வாங்கல் உள்ளவர் யாரும் கூடாது. குழுவைத் தலைவர் நியமிக்கவோ கலைக்கவோ முடியாது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பொதுக்குழுவில் நிறைவேற்றி, அறக்கட்டளை விதிகளிலும் சேர்த்துவிடுங்கள். விதியில் இல்லாத குழுவை முதல் நெருக்கடியிலேயே "அதிகாரமில்லாதது" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

குழுவில் இருவரின் கைப்பேசி எண்ணையும், 1098 (குழந்தைகள் உதவி), 181 (பெண்கள் உதவி), 112 (அவசரம்) ஆகிய எண்களையும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம், விடுதி நடை, ஞாயிறு பள்ளி வகுப்பு போன்ற இடங்களில் ஒட்டுங்கள். அலுவலக அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால், யார் நின்று படிக்கிறார்கள் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். பிறகு யாரும் படிக்க மாட்டார்கள்.

விடுதியோ இல்லமோ நடத்துகிறீர்களா? குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்கீழ் பதிவு வேண்டும். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். "ஆசிரமத்துப் பிள்ளைகள், எங்கள் சொந்தப் பிள்ளைகள் மாதிரி" என்று பதிவில்லாமல் நடத்தும் இடத்தில்தான் வெளியார் கண் படுவதே இல்லை. திருச்சி அருகே இருந்த சாமியார் பிரேமானந்தாவின் ஆசிரமத்தில் இலங்கைப் போரால் புலம்பெயர்ந்த ஆதரவற்ற பிள்ளைகள் பலர் வளர்ந்தனர். உணவு, உறைவிடம், பள்ளி எல்லாம் ஒரே ஆளின் கையில். அங்கிருந்து தப்பி வந்த பெண் வாய் திறந்த பிறகே, 1994-இல், உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது.

முதல் அரை மணி நேரம்

முதலில் கேட்பவர் பெரும்பாலும் குழு உறுப்பினராக இருக்க மாட்டார். ஒரு ஞாயிறு பள்ளி அக்கா, சமையல்கார அம்மா, பாட்டு வகுப்பு ஆசிரியை என்று யாராவது இருப்பார். ஆகவே இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தனியாக, ஆனால் கதவு திறந்திருக்கும் இடத்தில் உட்காருங்கள். பேச விடுங்கள். "நீ சொன்னது நல்லது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. உன்னைப் பாதுகாக்கிறவர்களிடம் மட்டும் இதைச் சொல்வேன்" என்ற மூன்றே வாக்கியங்கள் போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். குழந்தை என்றால் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றச் சட்டத்தில் வழியில்லை, மீறினால் அந்தக் குழந்தை அடுத்த ஆளிடம் வாய் திறக்காது.

கேள்விகள் மிகக் குறைவாக இருக்கட்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். "போதகர் உன்னை இங்கே தொட்டாரா?" என்று கேட்கக் கூடாது. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், பின்னால் குறுக்கு விசாரணையில் "நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்" என்பார்கள். விவரத்தை ஒருமுறைக்கு மேல் சொல்ல வைக்க வேண்டாம். முதலில் அக்காவிடம், பிறகு செயலாளரிடம், பிறகு குழுவிடம் என்று நாலு முறை சொன்னால் நாலு இடத்திலும் சிறு சிறு வேறுபாடு வரும். மனித நினைவு அப்படித்தான். அந்த வேறுபாடே பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் ஆயுதம்.

பேசி முடித்த உடனே தனி இடத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன சொற்கள் அப்படியே. குழந்தை "மாமா குஞ்சைக் காட்டினார்" என்று சொன்னால் அதையே எழுதுங்கள், "பிறப்புறுப்பைக் காட்டினார்" என்று திருத்த வேண்டாம். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் மறுபடி கையெழுத்திடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது.

வயது 18-க்குக் கீழ் என்றால்

இங்கே குழு முடிவெடுக்க எதுவும் இல்லை. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டம் 2012, பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தாக வேண்டும். மதகுருவுக்கு இதில் விலக்கு இல்லை. மறைத்தால் பிரிவு 21-இன்கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது சிவில், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்றும் அதே பிரிவு 19 சொல்கிறது. "பொய்யாகிவிட்டால் நம்மீது மானநஷ்ட வழக்கு வருமே" என்று தயங்கும் பொருளாளருக்கு இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

பெற்றோர் வேண்டாம் என்றாலும் தகவல் போக வேண்டும். இது பலருக்குக் கசப்பான இடம். பெண் பிள்ளையின் எதிர்காலம், கல்யாணம் என்று தாய் கண்ணீர் விடும்போது மறுப்பது எளிதல்ல. ஆனால் அதே தலைவரின் கைக்கெட்டும் தூரத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பெயர் வெளியே வராது என்ற உறுதியைக் கொடுங்கள். அது வெறும் ஆறுதல் அல்ல: பிரிவு 23-இன்படி குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது குற்றம்.

சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ உள்ளவர் அந்த நிறுவனத்தில் உள்ள குழந்தைக்குச் செய்யும் குற்றத்தைச் சட்டம் கடுமையான வகையில் வைத்திருக்கிறது. ஊடுருவும் பாலியல் தாக்குதல் என்றால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 20 ஆண்டு. "பெண்ணும் சம்மதித்தாள்" என்ற வாதம் 18-க்குக் கீழ் செல்லாது. ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். அதைப் பல நிர்வாகிகள் அறியாமல், பையன் விஷயத்தைக் "குறும்பு" என்று கடந்துபோகிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கில்) கேட்டதை என்ன செய்வது என்று கத்தோலிக்கர்கள் கேட்பார்கள். திருச்சபைச் சட்டம் அந்த இரகசிய முத்திரையை விடவில்லை, போக்சோ அதற்கு விலக்கு தரவில்லை. நடைமுறையில் குரு செய்யக்கூடியது, பாதிக்கப்பட்டவரைச் சங்கீர்த்தனத்துக்கு வெளியே அதையே மறுபடி சொல்லச் சொல்வது, உடனே ஒரு பெண் ஆலோசகரோடு இணைப்பது. ஆனால் அலுவலகத்தில் கேட்டதையும் ஆலோசனையில் கேட்டதையும் இந்த முத்திரைக்குள் தள்ளிவிட முடியாது. 2019 டிசம்பரில் வத்திக்கான் இத்தகைய வழக்குகளுக்கு இருந்த "பாப்பிறை இரகசிய" விதியையும் எடுத்துவிட்டது.

18-க்கு மேற்பட்டவர் என்றால்

காவல் நிலையம் போவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. நீங்கள் வற்புறுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது. ஒரு தாளில் அவருக்கான வழிகளை எழுதிக் கொடுங்கள்: குற்றவியல் புகார், பணியிடக் குழுப் புகார், சபையின் ஒழுங்கு நடவடிக்கை, இப்போதைக்கு மருத்துவ உதவி மட்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100.

"இருவரும் விரும்பித்தானே" என்ற பேச்சு இங்கே வரும். நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் உரிய இடத்தில் இருப்பவர் செய்யும் வன்கொடுமைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) பிரிவு 64(2) குறைந்தது 10 ஆண்டு விதிக்கிறது. வன்கொடுமை என்ற அளவுக்குப் போகாவிட்டாலும், தம் அதிகாரத்தைப் பயன்படுத்தி இணங்க வைத்தால் பிரிவு 68 இருக்கிறது. பரிகாரம், தோஷம், தீட்சை, பிசாசு ஓட்டுதல் என்ற பெயரில் தனியறைக்கு அழைத்தவர்களின் கதையைக் கேட்கும்போது இந்த இரு பிரிவுகளையும் மனத்தில் வையுங்கள்.

பாதிக்கப்பட்டவர் வயது வந்த ஆண் என்றால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் புதிய சட்டத்தில், ஆண்மீதான வன்கொடுமைக்குப் பயன்பட்ட பழைய 377-ஆம் பிரிவுக்கு இணையான பிரிவு இல்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்தது பழைய சட்டப்படியே போகும். பின் நடந்ததைக் காயம், சட்டவிரோத அடைப்பு, மிரட்டல் போன்ற பிரிவுகளில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். செமினரி மாணவர்கள், மடத்துச் சீடர்கள் விஷயத்தில் சபையின் சொந்த ஒழுங்கு நடவடிக்கைக்கு அதனால் எடை கூடுகிறது.

காவல் நிலையத்தில் எங்கே சிக்கும்

சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சாமியார் ஆசாராம் பாபு வழக்கு 2013-இல் டில்லியில் அப்படிப் பதிவாகி ஜோத்பூருக்கு மாற்றப்பட்டது. 2018 ஏப்ரலில் ஆயுள் தண்டனை வந்தது. உள்ளூர் நிலையத்தில் தலைவருக்குச் செல்வாக்கு இருந்தால் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையமாக இருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் அடிக்கடி நடப்பது: புகாரை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "விசாரிக்கிறோம், போங்க" என்பார்கள். அது முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) அல்ல. எஃப்.ஐ.ஆர். எண்ணோடு இலவச நகல் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு. இந்த வகைக் குற்றத்தில் வழக்குப் பதிய மறுக்கும் காவலர்மீதே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 199 பாயும் என்பதை வழக்கறிஞர் மரியாதையாக நினைவூட்டினால் பெரும்பாலும் பேனா எடுப்பார்கள்.

குழந்தையை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையில்லாமல், பெற்றோரோ நம்பும் ஒருவரோ உடனிருக்க. இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். உதவி நபர் ஒருவரை நியமிக்கும்படி அந்தக் குழுவிடம் கேளுங்கள். வழக்கு முடியும்வரை நீதிமன்றத்துக்கு உடன் வருவது, நாள் தேதி சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு.

உடல், துணி, கைப்பேசி, கேமரா

அண்மையில் நடந்தது என்றால் மருத்துவமனைதான் முதல் இடம். எஃப்.ஐ.ஆருக்குக் காத்திருக்க வேண்டாம். அரசு, தனியார் இரண்டிலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முன்போ அவ்வளவு நல்லது. கருத்தடை அவசர மாத்திரைக்கும் அதே அவசரம். உடல் தடய மாதிரிகள் எடுக்கச் சுமார் 96 மணி நேரம் வரை வாய்ப்புண்டு. முடிந்தால் அதுவரை குளிக்காமல் இருப்பது நல்லது, குளித்துவிட்டாலும் போக வேண்டும். அன்றைய துணிகளைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மாதிரி கெடும். இருவிரல் பரிசோதனையை (கன்னித்தன்மை பார்ப்பதாகச் சொல்லி விரலை நுழைத்துச் செய்யும் சோதனையை) யாராவது செய்ய முனைந்தால் தடுத்து நிறுத்துங்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் கண்டித்து, செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றது.

கேமரா பதிவுக் கருவிகள் பெரும்பாலும் சில வாரங்களில் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். அன்றே மின்சாரத்தை நிறுத்தி, வன்தட்டைக் கழற்றாமல் கருவியையே பூட்டிய அறையில் வைத்து, சாவியை வெளி உறுப்பினரிடம் கொடுங்கள். விடுதிப் பதிவேடு, வருகைப் பதிவு, பயணச் சீட்டுகள், கணக்குப் புத்தகம், ஓட்டுநரின் நாட்குறிப்பு எல்லாவற்றையும் பட்டியலிட்டு எடுத்து வையுங்கள். பாதிக்கப்பட்டவரின் கைப்பேசியில் "மறையும் செய்திகள்" அமைப்பு இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். படம் பிடித்து வைப்பது உதவும், ஆனால் மூலக் கைப்பேசியை விற்கவோ அழிக்கவோ கூடாது. மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் இணைக்க மூலக் கருவி வேண்டும்.

ஒன்று மிக முக்கியம். குழந்தையின் ஆபாசப் படமோ காணொளியோ இருந்தால் அதை "ஆதாரம்" என்று யாருக்கும் அனுப்பாதீர்கள், குழுவுக்குக்கூட. வைத்திருப்பதும் அனுப்புவதும் தனிக் குற்றம். கருவியோடு காவல்துறையிடம் கொடுங்கள். நல்ல எண்ணத்தில் பகிர்ந்த செயலாளர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

தலைவரை விலக்கி வைப்பது

காவல்துறைக்குத் தகவல் போன பிறகுதான் தலைவரிடம் பேச வேண்டும், புலனாய்வு அதிகாரியைக் கேட்டுக்கொண்டு. முன்கூட்டிச் சொன்னால் ஆள் தப்புவார், ஆவணம் அழியும். இருவர் நேரில் போய் எழுத்தில் கொடுங்கள்: "உங்கள்மீது ஒரு புகார் வந்துள்ளது. சட்டப்படி தகவல் கொடுத்துள்ளோம். விசாரணை முடியும்வரை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலக்கி வைக்கப்படுகிறீர்கள். இது தீர்ப்பு அல்ல. புகார் கொடுத்தவரையோ குடும்பத்தையோ நேரிலோ ஆள்மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது." புகாரின் விவரங்களை அதில் எழுத வேண்டாம்.

விலக்கல் காகிதத்தில் மட்டும் நிற்பதுதான் வழக்கமான தோல்வி. ஞாயிறு பிரசங்கம் செய்யாமல், வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவார். மடத்தில் பூஜை நிறுத்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஆசி கொடுப்பார். ஆகவே ஒவ்வொன்றாக வாங்குங்கள்: விடுதி, அலுவலகம், தனியறைச் சாவிகள், வங்கிக் கையெழுத்து உரிமை, வாட்ஸ்அப் குழு நிர்வாகி உரிமை, யூடியூப் மற்றும் முகநூல் கடவுச்சொற்கள், வாகனம், கணக்காளரின் கணினி. குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே என்றால் வெளியே தங்க ஏற்பாடு செய்யுங்கள். பாதிக்கப்பட்டவரை இடம் மாற்றிவிட்டுத் தலைவரை அப்படியே வைத்திருப்பது தலைகீழ்.

வேறு ஊருக்கு மாற்றிவிடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பாஸ்டன் மறைமாவட்டத்தில் குற்றம் சாட்டப்பட்ட குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றியது 2002-இல் வெளிவந்தது. அமெரிக்க ஆயர்களே செய்வித்த 2004 ஆய்வில் 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மீது குற்றச்சாட்டு இருந்தது தெரிந்தது. மாற்றப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் புதிய பிள்ளைகள் இருந்தார்கள்.

விலக்குவது அவமானம் என்று ஆதரவாளர்கள் கொதிப்பார்கள். ஜலந்தர் ஆயராக இருந்த பிராங்கோ முலக்கல்மீது 2018 ஜூனில் வழக்குப் பதிவானது. செப்டம்பரில் கன்னியர்கள் கொச்சியில் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகே அவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான அந்த இடைவெளியால் யாருக்கும் நன்மையில்லை. முதல் வாரத்திலேயே நடுநிலையோடு விலக்கியிருந்தால், விடுதலைத் தீர்ப்புக்கும் கூடுதல் மதிப்பு இருந்திருக்கும்.

தலைவருக்கும் உரிமைகள் உண்டு. சொந்தச் செலவில் வழக்கறிஞர், பதில் சொல்ல வாய்ப்பு, பிழைப்புக்கு ஒரு படி, தனியாக ஓர் ஆன்மிகத் துணை. ஆனால் காணிக்கைப் பணத்தில் அவருக்குக் குற்றவியல் வழக்கு நடத்தக் கூடாது. காணிக்கை போட்டவர்களில் புகார் கொடுத்தவரின் குடும்பமும் இருக்கும்.

சபைக்கு என்ன சொல்வது

மௌனமாக இருந்தால் மூன்றே நாளில் வதந்தி நிரப்பும். நீளமாகப் பேசினால் பாதிக்கப்பட்டவர் யார் என்பது தெரிந்துவிடும். தொழுகைக்குப் பின்போ ஆராதனை முடிவிலோ ஒருவர் எழுதியதை மட்டும் வாசிக்கட்டும்:

"நம் தலைவர்மீது ஒரு புகார் வந்துள்ளது. சட்டம் கேட்கும் தகவலை உரிய அதிகாரிகளுக்குக் கொடுத்துள்ளோம். விசாரணை முடியும்வரை அவர் எந்தப் பொறுப்பும் வகிக்க மாட்டார். புகார் கொடுத்தவர் யார் என்று தேட வேண்டாம், பேச வேண்டாம். வேறு எவருக்கேனும் இப்படி ஏதும் நேர்ந்திருந்தால் இந்த எண்களில் அழைக்கலாம்."

வயதையும், தெருவையும், "பாடகர் குழுப் பெண்" போன்ற அடையாளத்தையும் சேர்க்காதீர்கள். சிறிய ஊரில் இரண்டு குறிப்பு போதும். வன்கொடுமைக்கு ஆளான வயது வந்தவரின் அடையாளத்தை வெளியிடுவதும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72-இன்கீழ் இரண்டாண்டு வரை சிறைக்குரியது. "இருவருக்காகவும் ஜெபிப்போம்" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. புகார் கொடுத்தவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

கடைசி வரி, அதாவது "வேறு எவருக்கேனும்" என்பது, வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்களும் வருவார்கள். பெயரில்லாக் கடிதம் வந்தாலும் குப்பையில் போடாதீர்கள். தேரா சச்சா சௌதா தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்கு 2017-இல் 20 ஆண்டு தண்டனை கிடைத்த வழக்கே 2002-இல் வந்த ஒரு பெயரில்லாக் கடிதத்திலிருந்துதான் தொடங்கியது.

வேதத்தைக் காட்டி வரும் தடை

ஒவ்வொரு மரபிலும் வாயடைக்க ஒரு வசனம் தயாராக இருக்கும். "அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கை போடாதே" என்பார்கள் சபையில். "குரு நிந்தை ஏழு ஜன்மத்துக்கும் ஆகாது" என்பார்கள் மடத்தில். "ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தால் அல்லாஹ் உன் குறையை மறைப்பான்" என்பார்கள் ஜமாஅத்தில். இவற்றுக்குப் பதில் சொல்லக் கூடிய ஓர் அறிஞரை முன்கூட்டியே தேடி வையுங்கள். குழுவில் உள்ள பொறியாளர் வசனத்துக்கு வசனம் எதிர்த்துப் பேசினால் எடுபடாது.

மூப்பர்மீது இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. பூட்டிய அறையில் நடப்பதற்கு இரண்டாம் சாட்சி எங்கிருந்து வரும்? ஆஸ்திரேலியாவின் அரச ஆணையம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பை விசாரித்தபோது, 1950 முதல் குற்றம் சாட்டப்பட்ட 1,006 பேரின் கோப்புகள் அமைப்பிடமே இருந்தன. ஒன்றைக்கூட அமைப்பு காவல்துறையிடம் கொண்டுபோகவில்லை. இரு சாட்சி விதி அங்கே முக்கிய காரணங்களில் ஒன்று.

பணம் கொடுத்து முடிப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி, ஒரு தொகையும் ஒரு முத்திரைத்தாளும் கைமாறும். போக்சோ வழக்கை அப்படி முடிக்க இயலாது. சமரசத்தைக் காரணம் காட்டி ஓர் ஆசிரியர்மீதான வழக்கை ரத்து செய்த உயர் நீதிமன்ற உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பேசி முடித்தவர்களுக்குக் கிடைப்பது, குற்றத்தை மறைத்த வழக்கு. உளவியல் ஆலோசனைக்கும் படிப்புக்கும் சபை செலவு செய்யலாம், செய்யவும் வேண்டும். "வெளியே பேச மாட்டேன்" என்ற நிபந்தனை மட்டும் கூடாது.

மிரட்டல்

ஆசாராம் வழக்கின் சாட்சிகள் தாக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். அந்தச் சாட்சிகள் தொடர்ந்த வழக்கில்தான் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதும் சட்டமாக்கியது. மாவட்ட அமர்வு நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். காவல்துறை ஐந்து வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். மிரட்டல் தொடங்கும்வரை காத்திருக்காமல் எஃப்.ஐ.ஆர். வந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

நம் ஊரில் மிரட்டல் பெரும்பாலும் கத்தியோடு வராது. கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள், கடையில் சரக்கு கொடுக்க மாட்டார்கள், கல்லறையில் இடமில்லை என்பார்கள், ஜமாஅத்திலிருந்து தள்ளி வைப்பார்கள். இவற்றைத் தேதியோடு பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்யும் உறுப்பினர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தையும் பாதுகாப்புக் குழுவுக்கு விதியிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

உள்விசாரணை எப்போது, எப்படி

அறக்கட்டளையோ சங்கமோ பத்துப் பேருக்கு வேலை கொடுத்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்கீழ் உள்புகார்க் குழு கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவர் வெளி அமைப்பிலிருந்து. புகாருக்கு மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழு அமைக்காததற்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்கும் குறைந்தவர்கள் என்றாலும், புகார் முதலாளிமீதே என்றாலும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். மடாதிபதியோ தலைமைப் போதகரோ பெரும்பாலும் அந்த "முதலாளி"தான். இதை மறந்து அவர் நியமித்த குழுவே அவரை விசாரிக்கும் கூத்து நடக்கிறது.

குற்றவியல் புலனாய்வு நடக்கும்போது சபையின் உள்விசாரணை குழந்தையை அழைத்துக் கேட்கக் கூடாது. நிர்வாகத் தவறுகளை மட்டும் பார்க்கட்டும்: முன்பு புகார் வந்ததா, யார் வாங்கினார், எங்கே நின்றது, விடுதிச் சாவி ஏன் அவரிடம் இருந்தது. அறங்காவலரை நீக்க வேண்டிய கட்டத்தில், அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில் என்றால் துறை, வக்ஃபு என்றால் வாரியம், பிற பொது அறக்கட்டளை என்றால் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 92-இன்கீழ் வழக்கு. கத்தோலிக்க ஆயர்மீது என்றால் 2019-இல் வந்த திருத்தந்தையின் சட்டப்படி உயர்மறைமாவட்டப் பேராயர் விசாரிக்க வேண்டும். புகார் கொடுத்தவர்மீது மௌனக் கட்டளை போடுவதை அதே சட்டம் தடுக்கிறது.

பழைய புகார்

"இருபது வருஷம் கழிச்சு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. 2012 நவம்பருக்கு முன் நடந்தது பழைய இந்தியத் தண்டனைச் சட்டப்படி போகும். பழைய பதிவேடுகளைக் கரையானுக்கு விடாமல் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். தலைவர் இறந்துவிட்டாலும் புகாரைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். படத்துக்கு மாலை போடுவதையும் மண்டபத்துக்குப் பெயர் வைப்பதையும் அதுவரை நிறுத்தலாம்.

தீர்ப்புக்குப் பின்

தண்டனை வந்துவிட்டால் சபை தானாகத் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரேமானந்தாவுக்கு 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது, 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2011-இல் கைதியாகவே இறந்தார். பக்தர்களில் ஒரு பகுதியினர் கடைசிவரை நம்பவில்லை. ஆகவே தீர்ப்பின் நகலைத் தமிழில் சுருக்கி, பாதிக்கப்பட்டவர் அடையாளம் இல்லாமல், உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். பிரியும் உறுப்பினர்கள் பிரியட்டும்.

விடுதலை வந்தால் தீர்ப்பைப் படியுங்கள். "ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கவில்லை" என்பதும் "புகார் பொய்" என்பதும் ஒன்றல்ல. பொய் என்று நீதிமன்றமே சொல்லியிருந்தால், விலக்கலை அறிவித்த அதே மேடையில் அதே சத்தத்தில் அதையும் வாசித்துப் பொறுப்பைத் திருப்பிக் கொடுங்கள். சாட்சி பிறழ்ந்ததால் வழக்கு தோற்றிருந்தால், நிர்வாகக் குழு தன் சொந்த அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தனியறைச் சந்திப்பு, விடுதிச் சாவி, குழந்தைகளோடு பயணம் ஆகிய மூன்றையும் எந்த நிலையிலும் திருப்பித் தர வேண்டாம். புதிதாக வரும் தலைவரின் நியமனக் கடிதத்திலும் இந்த மூன்று தடைகளும் முதல் நாளே இருக்கட்டும்.